பிள்ளைத் துணி துவைப்பது சின்ன வேலையா?



இந்தப் பகுதியில் சம்பளம், போனஸ், விடுமுறை, வீட்டுப் பிரச்சினை என்றுதான் வழக்கமாக எழுதுகிறேன். இந்த வாரம் லம்பின் பற்றி எழுதப் போகிறேன். ஆமாம், பச்சைப் பிள்ளைக்கு இடுப்பில் கட்டுகிறோமே, அதே லம்பின் துணிதான். "சங்கத்துக்காரனுக்கு வேறு வேலை இல்லையா?" என்று சிரிக்க நினைக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். போன மாதம் நானும் சிரித்தவன்தான். அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கிளைக் கூட்டம். கோயில் மண்டபத்தில் முப்பது பேர் போல உட்கார்ந்திருந்தோம். நான் சம்பளக் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தபோது திடீரென்று மழை இருட்டியது. பின்வரிசையில் இருந்த ஓர் இளம் தாய் எழுந்து வீட்டைப் பார்த்து ஓடினார். "ஒரு பீத்துணிக்கு இவ்வளவு அவசரமா? உட்காரும்மா, தலைவர் பேசுறாரு இல்ல?" என்றார் ஒரு தோழர். மண்டபமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்போது ஒரு பெரியம்மா எழுந்து நின்றார். மரம் சீவி ஓய்வு பெற்றவர். அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, நீங்களும் சிரிக்கிறீங்க. மூனு நாளா பைப்புல தண்ணி சொட்டுது. அந்தப் புள்ள ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து தண்ணி புடிச்சி, துவைச்சிக் காயப் போட்ட துணி அது. நனைஞ்சா நாளைக்குப் புள்ளைக்குக் கட்டத் துணி இல்ல. இதைச் சங்கத்துல பேசலாமா, கூடாதா?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அந்தக் கேள்விக்குச் சிரிக்க மற்றவர்களுக்காவது உரிமை இருக்கலாம். எனக்குக் கிடையாது. பிள்ளைத் துணி விஷயத்தில் என் வீட்டிலேயே ஓர் உயிர் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

என் வீட்டில் நடந்தது

2008-ஆம் ஆண்டு எனக்கு மூத்த பையன் பிறந்தான். அம்மாவுக்கு அவன்தான் முதல் பேரன். அம்மா முப்பது வருஷம் பால் மரம் சீவியவர். என்னையும் என் தங்கச்சியையும் வளர்த்த பிள்ளைத் துணிகளை ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். எல்லாம் அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து ஓரம் தைத்த துணிகள். அப்பா அப்போது உயிரோடு இல்லை. பூச்சி அரிக்கக் கூடாது என்று வருஷா வருஷம் பாச்சா உருண்டை வாங்கி அந்தப் பெட்டியில் போடுவார். மலாய்க் கடையில் 'உபாட் கெகாட்' என்று விற்கிறார்களே, அந்த வெள்ளை உருண்டைதான்.

ஆஸ்பத்திரியில் பையனின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்துவிட்டு, அவனுக்கு 'ஜி-6-பி-டி' குறைபாடு என்றார்கள். ஐந்து நாள் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மிஸ்ஸி ஒரு காகிதம் கொடுத்து, எதெல்லாம் ஆகாது என்று மலாயில் எடுத்துச் சொன்னார். நான் வண்டி வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினேன். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெட்டியைத் திறந்தார். "ஒங்கப்பா வேட்டிடா. தாத்தா துணிய பேரன் கட்டட்டும்," என்று கண்கலங்கினார். துணி பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. வெள்ளையாக இருந்தால் சுத்தம் என்றுதானே நினைப்போம்? துவைக்கவில்லை. வெயிலிலும் போடவில்லை. குழந்தைக்கு உடம்பெல்லாம் எண்ணெய் தடவி, குளிப்பாட்டி, அந்தத் துணியைக் கட்டினோம்.

மூன்றாம் நாள் பையன் பால் குடிக்கவில்லை. எழுப்பினாலும் தூங்கித் தூங்கி விழுந்தான். என் வீட்டுக்காரம்மா லம்பினை மாற்றும்போது கூப்பிட்டார். "என்னங்க, ஒன்னுக்கு தேத்தண்ணி மாதிரி இருக்கே?" கண்ணைப் பார்த்தால் மஞ்சள். "காலையில வெயில்ல காட்டினா சரியாப் போயிடும்," என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நாங்களும் அரை நாள் காத்திருந்தோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தையைப் பார்த்தார். கட்டியிருந்த துணியை எடுத்து முகர்ந்தார். "இதை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டார். அன்று ராத்திரியே குழந்தையின் ரத்தத்தை மாற்றினார்கள். என் பையன் பிழைத்தான். இன்று என்னைவிட உயரமாக நிற்கிறான். ஆனால் அம்மா அந்தத் துணிகளை எல்லாம் குப்பையில் போட்டார். அப்பாவின் ஞாபகமாக ஒரு துண்டுகூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. கண் மூடும்வரை, "நானே என் பேரனைக் கொல்லப் பாத்தேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். தப்பு அம்மா மேல் இல்லை. காகிதத்தைப் படிக்காத என் மேல்தான்.

ஜி-6-பி-டி என்றால் என்ன?

நம் ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்கள் உடையாமல் காக்கிற ஒரு பொருள் உடம்பில் குறைவாக இருப்பதுதான் இந்தக் குறைபாடு. இது ஒட்டுகிற நோய் இல்லை, பிறவியிலேயே வருவது. தாய் வழியாக வரும். ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். மற்ற நேரத்தில் பிள்ளை எல்லாரையும் போல நன்றாக ஓடியாடி வளரும். ஆகாத பொருள் பட்டால்தான் சிவப்பு அணுக்கள் மளமளவென்று உடையும். அப்போது சோகை வரும், மஞ்சள் ஏறும். மஞ்சள் மிக அதிகமானால் பச்சைக் குழந்தையின் மூளையைத் தாக்கும். காது கேளாமல் போகலாம், கை கால் முடங்கலாம், உயிரே போகலாம்.

பாச்சா உருண்டையில் உள்ள நாப்தலீன் அப்படி ஆகாத பொருள்களில் ஒன்று. அதன் ஆவி துணியில் ஏறி உட்காரும். குழந்தை அதை மூச்சில் இழுக்கும். தோல் வழியாகவும் உள்ளே போகும். எண்ணெய் தடவிய தோலில் இன்னும் சுலபமாக இறங்கும். நாம் பிள்ளைக்கு எண்ணெய் தடவாமல் இருப்போமா? ஆகவே பிள்ளைத் துணி இருக்கிற பெட்டியிலோ, அலமாரியிலோ, தூளி கட்டுகிற சாரோங்கிலோ பாச்சா உருண்டை வேண்டவே வேண்டாம். உங்கள் பிள்ளைக்குக் குறைபாடு இல்லை என்றாலும் வேண்டாம். நாளைக்கு அந்தத் துணி யார் வீட்டுப் பிள்ளைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? உருண்டையை மிட்டாய் என்று நினைத்து வாயில் போடுகிற பிள்ளைகளும் உண்டு.

பழைய துணியை எடுத்து வைக்க வேண்டுமா? நன்றாகத் துவைத்து, மொறமொறவென்று காயவைத்து, இறுக்கி மூடுகிற டின்னில் வையுங்கள். அது போதும். யாராவது கொடுத்த துணியில் உருண்டை வாசனை வந்தால் பச்சைக் குழந்தைக்கு அதைக் கட்டாதீர்கள்.

துணியா, பேம்பர்ஸா?

இன்று கடையில் பேம்பர்ஸ் கிடைக்கிறது. வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போகிற தாய்க்கு அது பெரிய உதவி. ஆனால் கணக்கைப் பாருங்கள். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்து தடவை மாற்றினால் மாதத்துக்கு 300. ஒன்று 50 காசு என்று வைத்துக்கொண்டாலும் 150 வெள்ளி ஆகிவிடும். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதில் 150 வெள்ளி சின்னத் தொகையா? லம்பின் இரண்டு மூன்று டஜன் இருந்தால் போதும். அடுத்த பிள்ளைக்கும் ஆகும். பல வீடுகளில் பகலில் துணி, ராத்திரிக்கும் பயணத்துக்கும் பேம்பர்ஸ் என்று வைத்திருக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. எதைக் கட்டினாலும் ஈரத்தோடு மணிக்கணக்கில் விடக்கூடாது. இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை பார்த்து மாற்ற வேண்டும். மலம் போனால் உடனே மாற்ற வேண்டும். பேம்பர்ஸை லோங்காங்கில் எறியாதீர்கள். மழை வந்தால் அது நம் வீட்டு வாசலுக்கே திரும்பி வரும்.

துவைக்கும் முறை

நம் வீட்டுப் பாட்டிமார்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆனாலும் புதிதாகத் தாயானவர்களுக்கும், முக்கியமாகப் புதிதாகத் தகப்பனானவர்களுக்கும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், மலத்தைக் கக்கூசில் தட்டிக் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். பைப்படியிலும் லோங்காங்கிலும் அலசி விடாதீர்கள். அந்தத் தண்ணீர் ஓடுகிற இடத்தில்தான் அடுத்த வீட்டுப் பிள்ளை விளையாடுகிறது. வயிற்றுப்போக்கு அப்படித்தான் வீடு வீடாகப் போகும். கை-கால்-வாய் நோயும் மலத்தில் பரவுகிறது. 1997-இல் சரவாக்கில் அந்த நோய் பல குழந்தைகளின் உயிரைக் குடித்தது. புண் ஆறிப் பிள்ளை விளையாடத் தொடங்கிய பிறகும் பல வாரம் மலத்தில் அந்தக் கிருமி வந்துகொண்டிருக்கும். ஆகவே நோய் தீர்ந்துவிட்டது என்று லம்பின் விஷயத்தில் அசட்டையாக இருக்கக் கூடாது.

இரண்டாவது, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்தவுடன் சுடுதண்ணீர் ஊற்றினால் கறை துணியில் பிடித்துக்கொள்ளும். அலசிய துணியை மூடி போட்ட வாளியில் வையுங்கள். மூடி அவசியம். தவழுகிற பிள்ளை தலைகீழாக வாளிக்குள் விழுந்தால், உள்ளே ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம். அதற்கும் குறைவான தண்ணீரே உயிரைக் குடிக்கும். துவைத்து முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைப்பதைப் பழக்கமாக்குங்கள்.

மூன்றாவது, சவர்க்காரமும் சுடுதண்ணீரும். கொதித்த தண்ணீர் இரண்டு பங்கு, பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு என்று கலந்தால் கிருமியைக் கொல்லும் அளவுக்குச் சூடு இருக்கும். கையை விடாதீர்கள், கம்பால் கிளறுங்கள். ஆறிய பிறகு கசக்குங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். மிஷின் இருக்கிற வீட்டில் 60 டிகிரி சூட்டில் போட்டால் போதும். மிஷினில் துணியைத் திணிக்காதீர்கள். துணி புரண்டு புரண்டு ஓட இடம் இருந்தால்தான் அழுக்குப் போகும்.

நான்காவது, அலசல். பலர் கோட்டை விடுவது இங்கேதான். துணியில் சவர்க்காரம் தங்கினால் பிள்ளைக்குத் தோல் சிவந்து எரியும். அலசிய துணியைச் சுத்தமான தண்ணீரில் முக்கிப் பிழிந்து பாருங்கள். நுரை வந்தால் இன்னொரு தடவை அலச வேண்டும். வாசனைக்காக ஊற்றுகிற சாஃப்ட்னர் வேண்டாம். அது துணியில் மெழுகு மாதிரி படிந்து, ஈரத்தை உறிஞ்ச விடாது. கடையில் வாங்கிய புது லம்பினையும் இரண்டு மூன்று தடவை துவைத்த பிறகே கட்டுங்கள். அப்போதுதான் நன்றாக உறிஞ்சும்.

குளோரோக்ஸ் மாதிரி வெளுப்பு மருந்து அன்றாடம் தேவையில்லை. ஊற்றத்தான் வேண்டும் என்றால் துணியை முதலில் நன்றாக அலசி மூத்திரத்தைப் போக்கிவிட்டு, கொஞ்சமாக ஊற்றுங்கள். சுக்கா, கக்கூஸ் கழுவுகிற மருந்து, இவற்றோடு ஒருபோதும் கலக்காதீர்கள். விஷப் புகை கிளம்பும். குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைப்பதும் ஆபத்து.

ஐந்தாவது, வெயில். இதற்குக் காசு இல்லை. நல்ல வெயிலில் காய்ந்தால் மஞ்சள் கறையும் வெளுக்கும், கிருமியும் சாகும். வேலியிலும் புல்லிலும் விரிக்காமல் கொடியில் போடுங்கள். மயிர்ப்பூச்சி, எறும்பு ஏறிய துணியைக் கட்டினால் பிள்ளை ஏன் அழுகிறது என்றே தெரியாது. மழைக்காலத்தில் அரை ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்குள் காற்று வருகிற இடத்தில் கொடி கட்டி, முழுவதும் உலர்ந்த பிறகு மடியுங்கள்.

கடைசியாக, உங்கள் கைகளைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். அடுத்து பால் போத்தலைத் தொடப் போவது அதே கைதான்.

துடை மடிப்பில் சிவந்து, சுற்றிச் சின்னச் சின்னப் பொட்டாக வந்தால் அது பூஞ்சை நோயாக இருக்கலாம். பவுடர் கொட்டினால் போகாது. பவுடர் தூள் குழந்தையின் மூச்சுக்கும் நல்லதல்ல. கிளினிக்கில் காட்டி மருந்து வாங்குங்கள். அந்த நாள்களில் துணியைப் பத்து நிமிஷம் கொதிக்க வைத்துத் துவையுங்கள்.

வேலைத் துணியோடு சேர்க்காதீர்கள்

இது தோட்டத்துக்கே உரிய ஆபத்து. மருந்து அடிக்கிற வேலைக்குப் போகிறவர்களின் சட்டை, கைலி, தலைத்துணி எல்லாவற்றிலும் களைக்கொல்லி மருந்து ஊறியிருக்கும். பாராகுவாட் மருந்துக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி 1-ஆம் தேதி முதல் தடை. அது நல்லது. ஆனால் மற்ற களைக்கொல்லிகளும் பூச்சி மருந்துகளும் இருக்கின்றன. அந்த உடுப்பும் பிள்ளைத் துணியும் ஒரே வாளியில் ஊறக் கூடாது. வேலைத் துணிக்கு ஒரு வாளி, பிள்ளைத் துணிக்கு ஒரு வாளி என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மிஷின்தான் என்றால், வேலைத் துணியைத் துவைத்த பிறகு வெறும் மிஷினைச் சவர்க்காரத் தண்ணீரோடு ஒருமுறை ஓடவிட்டு, அதற்குப் பிறகு பிள்ளைத் துணியைப் போடுங்கள்.

மருந்து வந்த காலி டின்னைத் தண்ணீர் பிடிக்கவோ, துணி ஊறவைக்கவோ ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் அது விஷ டின்தான். வீட்டுப் பக்கம் மருந்து அடிக்கிற நாளில் கொடியில் கிடக்கிற துணியை முன்னாலேயே எடுத்துவிடுங்கள். என்றைக்கு அடிக்கிறார்கள் என்று முதல் நாளே வீடுகளுக்குச் சொல்லும்படி மண்டோரிடம் கேளுங்கள். வேலை முடிந்து வந்தவுடன் பிள்ளை கையை நீட்டும். தூக்க ஆசையாகத்தான் இருக்கும். குளித்து, துணி மாற்றிவிட்டுத் தூக்குங்கள்.

துணி சொல்லும் சேதி

என் வீட்டுக்காரம்மா அன்றைக்கு லம்பினில் அந்தத் தேத்தண்ணிக் கறையைப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். பேச வராத பிள்ளைக்குத் துணிதான் வாய்.

பிறந்து ஐந்து நாளுக்குப் பிறகு, தினமும் ஆறு துணிக்குக் குறையாமல் நனைந்தால் பிள்ளைக்குப் பால் போதுகிறது என்று அர்த்தம். குறைந்தால் கவனியுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் மலம் கறுப்பாகப் போகும். பிறகு மஞ்சளாக மாறும். இது இயற்கை. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் ஈரலில் பித்தக் குழாய் அடைப்பு இருக்கலாம். ஆபரேஷன் தேவைப்பட்டால் பிறந்த இரண்டு மாதத்துக்குள் செய்வதே நல்லது. ஆகவே "பாக்கலாம், பாக்கலாம்" என்று நாள் கடத்தாதீர்கள். மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போனாலும், மலத்தில் ரத்தம் இருந்தாலும், பிள்ளை மஞ்சளாகிப் பால் குடிக்காமல் தூங்கினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வெயிலில் காட்டினால் போதும் என்று காத்திருக்காதீர்கள். முடிந்தால் அந்தத் துணியையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள். பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் ஜி-6-பி-டி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். புரியவில்லை என்றால் மிஸ்ஸியிடம் திரும்பக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்காமல் தலையாட்டியதன் விலை எனக்குத் தெரியும்.

ஆம்பளைக்கு இதில் வேலை இல்லையா?

நான் சின்னப் பையனாக இருந்தபோது அம்மா விடியுமுன்னே பெரட்டுக்குப் போக வேண்டும். அதற்கு முன் தங்கச்சியைத் துணி மூட்டையோடு ஆயாக் கொட்டகையில் விடுவார். பால் தூக்கி வந்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, மத்தியானம் அழுக்கு மூட்டையோடு பைப்படியில் வரிசையில் நிற்பார். அப்பாவும் மரம்தான் சீவினார். ஆனால் வேலை முடிந்தால் அவருக்குச் சாய்வு நாற்காலி. அம்மாவுக்கு இரண்டாவது பேர் அப்போதுதான் தொடங்கும். அப்பா நல்லவர்தான். அந்தக் காலத்தில் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்றைக்கு நமக்குச் சட்டமே சொல்லிக் கொடுக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல், பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. அதே நாளிலிருந்து தகப்பனுக்கும் சம்பளத்தோடு தொடர்ந்து ஏழு நாள் விடுமுறை உண்டு. ஒரே முதலாளியிடம் குறைந்தது ஒரு வருஷம் வேலை செய்திருக்க வேண்டும். பிரசவத்துக்கு 30 நாள் முன்பே, முடியாவிட்டால் பிள்ளை பிறந்தவுடன் சீக்கிரமாகத் தெரிவிக்க வேண்டும். ஐந்து பிரசவம்வரை இது கிடைக்கும்.

தோழர்களே, அந்த ஏழு நாள் நண்பர்களுக்கு விருந்து வைப்பதற்கு இல்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்குங்கள். நான் என் பையன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் முதல் லம்பினைத் துவைத்தேன். முதல் நாள் குமட்டியது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. முப்பது கிலோ செம்பனைக் குலையைத் தூக்குகிற கைக்கு ஒரு முழத் துணி பாரமா?

தண்ணீர் நம் உரிமை

எல்லாம் சொன்னேன். பைப்பில் தண்ணீர் வராவிட்டால் இதில் ஒன்றுகூட நடக்காது. பெரியம்மா கேட்ட கேள்வி அதுதான்.

தோட்டம் வீடு கொடுத்தால், அந்த வீட்டுக்குப் போதுமான பைப்புத் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம், நாம் 'அக்தா 446' என்று சொல்கிறோமே, அதில் இது இருக்கிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை பற்றியும் அந்தச் சட்டம் பேசுகிறது. ஆகவே தண்ணீர் கேட்பது மேனேஜரிடம் தயவு கேட்பது இல்லை.

தண்ணீர் வராத நாளையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை வீடு, எத்தனை கைக்குழந்தை என்றும் எழுதுங்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றில் போகும். எழுதியது மேசையில் இருக்கும். ஆபீஸ் கேட்காவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். நம் பக்கத்து வீடுகளில் இருக்கிற வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இதே பைப்புத்தான். அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அந்தக் கூட்டம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். அந்த இளம் தாய் நனைந்துகொண்டே, துணிக் குவியலை மார்போடு அணைத்தபடி மண்டபத்துக்குத் திரும்பி வந்தார். பாதித் துணி நனைந்திருந்தது. பெரியம்மா அதை வாங்கிக் கோயில் மண்டபத்திலேயே கொடி கட்டிக் காயப்போட்டார். "பீத்துணி" என்று சொன்ன அந்தத் தோழர்தான் கயிறு தேடிக் கொண்டுவந்தார். நிகழ்ச்சி நிரலில் முதல் விஷயமாகத் தண்ணீரை எழுதினோம். கடிதம் ஆபீசுக்குப் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை விட மாட்டோம்.

நீங்களும் இன்று இரண்டு வேலை செய்யுங்கள். அலமாரியைத் திறந்து பிள்ளைத் துணியில் பாச்சா உருண்டை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் வீட்டுப் பைப்பில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள். மற்றதை அடுத்த வாரம் பேசுவோம்.